அண்ணியின் படமும் கறுப்பு வெள்ளைத் திரையும்

மேஜைமேல் பழைய கலர் மானிட்டர். அதற்குப் பக்கத்தில், விற்க வந்தவர் கொண்டுவந்த பெரிய கறுப்பு வெள்ளை மானிட்டர் நெட்டுக்குத்தாக நின்றது. ஸ்கேன் சென்டரின் அந்தச் சின்ன அறையில் பட்டப்பகலிலும் விளக்கை அணைத்துத்தான் வைத்திருப்பார்கள். எக்ஸ்ரே பார்க்கும் டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டாள்.

"செல்போன்லயே கோடி கலர் வருது. இது துக்க வீடு மாதிரி இருக்கே," என்றாள் படம் எடுக்கும் டெக்னீஷியன்.

"கலர் இல்லாததுதாங்க இதோட விசேஷமே. பொடிப்பொடியா இருக்கறதும் தெரியும்," என்றார் விற்பனையாளர். "உங்களுக்கு நல்லாப் பழகின படமா ஒண்ணை ரெண்டு திரையிலயும் போட்டுப் பாருங்க மேடம். அப்புறம் எது வேணும்னு சொல்லுங்க."

பழகின படம் என்றதும் டாக்டருக்கு அண்ணியின் மார்பக எக்ஸ்ரேதான் நினைவுக்கு வந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு அவளே பார்த்து, ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்தது. போட்டாள்.

கலர் திரையில் ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு வெள்ளையில், இடது மார்பின் ஓரத்தில், உப்பைக் கிள்ளிப் போட்டதுபோல் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள்.

"உங்க மானிட்டர்ல புள்ளி விழுந்திருக்கு," என்றாள் டாக்டர்.

"இன்னைக்குத்தாங்க பெட்டியே பிரிச்சேன். படத்தை நகர்த்திப் பாருங்க. திரைக் கோளாறுன்னா புள்ளி அங்கேயே நிக்கும்."

நகர்த்தினாள். புள்ளிகளும் கூடவே நகர்ந்தன.

பழைய திரையில் அதே இடத்தைப் பெரிதாக்கினாள். மங்கலாக அங்கேயும் இருந்தன. அன்றைக்கே பெரிதாக்கிப் பார்த்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும்.

அந்த சென்டரில் மார்பகப் படம் என்றால் இரண்டு டாக்டர்கள் தனித்தனியாகப் பார்த்தாக வேண்டும். அன்று அண்ணி, "நம்ம வீட்டு டாக்டர் பார்த்தா போதாதா, ஊரே பார்க்கணுமா?" என்று சிரித்தாள். வீட்டு மனுஷி கூச்சப்படுகிறாளே என்று இரண்டாவது ஆளுக்கு அனுப்பாமல் விட்டது இவள்தான்.

"எல்லாப் புள்ளியும் கேன்சரா இருக்கணும்னு இல்லையே மேடம்," என்றாள் டெக்னீஷியன் மெல்ல.

"ஊசி போட்டுக் கொஞ்சம் சதை எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். எட்டு மாசம் போயிடுச்சு."

விற்பனையாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ... எதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா மேடம்?"

"இதைக் கழட்டாதீங்க. இருக்கட்டும்."

போனை எடுத்தாள். இரண்டு முறை தப்பான எண்ணை அழுத்தினாள்.

"என்ன டாக்டரம்மா, அதிசயமா இந்த நேரத்துல?"

"அண்ணி, அன்னைக்கு உங்க படத்தை நான் சரியாப் பார்க்கல. திரும்ப எடுக்கணும். இன்னைக்கே."

"சும்மா விளையாடாதே."

"விளையாடல அண்ணி." அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த குழாய்த் தண்ணீர் நின்றது.

"உங்கண்ணன்கிட்ட இப்போ சொல்லாதே," என்றாள் அண்ணி. குரல் அவளுடையது மாதிரியே இல்லை. "தனியா வரப் பயமா இருக்கு. நீ வந்து கூட்டிட்டுப் போ."

"இதோ வரேன் அண்ணி."

எழுந்தாள். டெக்னீஷியனிடம் சொன்னாள்: "இந்தப் படத்தை இன்னொரு டாக்டருக்கு அனுப்பிடும்மா. நான் அன்னைக்கு எழுதினதையும் சேர்த்து அனுப்பு."