மதிய வண்டி நிற்கும் நிலையம்

1

நான் கதை எழுத உட்காரவில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ரயில் நிலையத்தை அடுத்த மாதம் மூடப்போகிறார்கள். அதன் வரலாற்றையும் சேவைகளையும் நாலு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள் என்று ஊர் நூலகர் கேட்டார். அந்த நிலையத்தின் ஒரே ஊழியனாக இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவன் நான். வேறு யாரைக் கேட்பார், பாவம்.

முதல் வரி இப்படி இருந்தது: 'ஒற்றைத் தண்டவாளம், ஒரே நடைமேடை, தகரக் கூரை போட்ட ஓர் அறை, இரண்டு பெஞ்சுகள்.' பரவாயில்லை. அடுத்த வரி: 'ஒரு நாளைக்கு மூன்று வண்டிகள். காலை வண்டியும் மாலை வண்டியும் எப்போதும் நிற்கும். மதிய வண்டி

(இங்கே பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனவன் மூன்று நாள் மேசைப் பக்கமே வரவில்லை.)

2

மதிய வண்டிக்கு விதி வேறு. ஏறுவதற்கு ஆள் இருந்தால் ஊழியர் சிவப்புக் கொடி காட்ட வேண்டும், வண்டி நிற்கும். ஆள் இல்லாவிட்டால் பச்சை, நிற்காமல் போய்விடும். இங்கே இறங்க வேண்டியவர் முந்தைய நிலையத்திலேயே வண்டியின் கார்டிடம் சொல்லிவைக்க வேண்டும்.

எங்கள் ஊரில் யாரும் சொல்லிவைப்பதில்லை. காரணம், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எங்கள் ஊழியர் தினமும் சிவப்பையே காட்டுவார். பதிவேட்டில் 'ஏறியவர் ஒருவர்' என்று கூசாமல் எழுதுவார்.* வருடக்கணக்கில் இப்படியே போனதில், விதி என்று ஒன்று இருப்பதே ஊருக்கு மறந்துபோயிற்று. மதிய வண்டி நிற்கும், அவ்வளவுதான்.

* அந்த ஒருவருக்கு முகம் கிடையாது. மழை, வெயில் பார்க்காமல் பயணம் போனார். ஒருநாளும் திரும்பி வந்ததில்லை.

3

இந்த ஊழியரைக் கதாபாத்திரமாக்கப் பார்த்தேன். இளகிய மனசுக்காரர், ஊருக்காக விதியை வளைத்தவர் என்று ஒரு பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் எனக்கே நம்பிக்கை வரவில்லை. இளகிய மனசெல்லாம் இல்லை. வண்டி நின்றால் கார்டிடம் இரண்டு வார்த்தை பேசலாம். நிற்காவிட்டால் மாலைவரை சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அவரை 'அவர்' என்று எழுதுவதும் பித்தலாட்டம். அது நான்.

பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு மதியம், பதிவேட்டைச் சோதிக்க மேலதிகாரி சொல்லாமல் கொள்ளாமல் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். நடைமேடையில் ஈ காக்கை இல்லை. தூரத்தில் வண்டிச் சத்தம் கேட்டது.

"ஏற ஆள் இருக்கா?" என்றார்.

"இல்லீங்க."

"அப்ப எந்தக் கொடியை எடுப்பீங்க?"

பச்சையை எடுத்தேன். அத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. வண்டி வேகம் குறையாமல் வந்தது. மூன்றாம் பெட்டியின் வாசலில், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இறங்கத் தயாராக என் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். "டேய்" என்றாரா, இல்லை

(இந்த வாக்கியத்தை ஒன்பது முறை எழுதிப் பார்த்துவிட்டேன். முடிக்க வரவில்லை.)

நடைமேடையைத் தாண்டி, லெவல் கிராசிங் பக்கத்தில் கிடந்தார். குதித்திருக்கிறார். உயிர் இல்லை. அதிகாரி உள்ளே தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது, வயலிலிருந்து ஓடி வந்த ஒருவர் கேட்டார்: "வண்டி நின்னுச்சுல்ல? ஏன் ஸ்டேஷன்லயே இறங்கல?"

"நின்னுச்சு" என்றேன். பயத்தில் அப்படித்தான் வாயில் வந்தது. அதிகாரி தன் அறிக்கையோடு போய்விட்டார். ஓடும் வண்டியிலிருந்து குதித்தார் என்பதற்கு மேல் ஊரில் யாருக்கும் எதுவும் தெரியாது.

4

நிலைய வரலாறு எழுதுகிறேன் என்று கேள்விப்பட்டு அண்ணி வந்தார். வந்தால் வீடே சிரிக்கும்படி பேசுகிறவர். அன்றைக்கு வாசற்படியிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, உங்க அண்ணனைப் பத்தி எழுதுவீங்களா?"

"எழுதணுமா அண்ணி?"

"எழுதுங்க. ஆனா வண்டி நின்னும் அவர் இறங்கலைன்னு மட்டும் எழுதிடாதீங்க." அந்தப் படியிலேயே உட்கார்ந்தார். பிறகு சொன்னார்: "அன்னைக்குக் காலைல ஒரு சண்டை. துவைச்சு வெச்ச சட்டையைக் கீழ போட்டுட்டாருன்னு. போறவரு அப்படியே போயிடுங்க, திரும்பி வராதீங்கன்னு சொல்லிட்டேன். வாய்க்கொழுப்பு. ஊர் வந்து, வண்டி நின்னு, இறங்க மனசில்லாமதானே தம்பி அப்படியே இருந்திருக்காரு? அப்புறம் எங்க போறதுன்னு தெரியாம குதிச்சிட்டாரு."

பதினோரு வருடமாக இதை மனசுக்குள் வைத்துப் புழுங்கியிருக்கிறார். "அதெல்லாம் இல்ல அண்ணி" என்றேன். காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

5

மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

அண்ணன் அசந்து தூங்கிவிட்டார், வண்டி கிளம்பியதும் விழித்துக் குதித்தார். அண்ணிக்கும் நிம்மதி, நானும் தப்பிப்பேன். அழகான முடிவு. பொய்.

இல்லையென்றால் பழியை அதிகாரி தலையில் கட்டலாம். அவர் இறந்துவிட்டதாகக் கேள்வி. மறுத்துப் பேச வரமாட்டார். ஆனால் கொடியைப் பிடித்தது அவர் கை இல்லை. நின்னுச்சு என்று சொன்னதும் அவர் வாய் இல்லை.

மூன்றாவது, நடந்ததை நடந்தபடி எழுதுவது. அண்ணியின் பாரம் அந்த நிமிஷமே இறங்கிவிடும். எனக்கென்று இருக்கிற ஒரே உறவு அவர்தான். அவர் அதற்கப்புறம் என் வாசற்படியை

(போதும்.)

6

ஆறாம் பகுதியை நான் எழுதவில்லை. அது இப்போது நடந்துகொண்டிருக்கிறது.

"எழுதி முடிச்சிட்டீங்களாமே" என்று அண்ணி வந்திருக்கிறார். "என் கண்ணாடி உடைஞ்சு கிடக்கு. நீங்களே வாசிங்க, கேக்குறேன்." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் பகுதிவரை வாசித்துவிட்டேன்.

"பச்சைக் கொடின்னு ஒண்ணு இருந்துச்சா?" என்று சிரிக்கிறார். "நான் பார்த்ததே இல்லையே தம்பி!"

வாசித்துக் காட்டுவதில் ஒரு வசதி உண்டு. மூன்றாம் பகுதியைத் தாண்டி, அண்ணன் தூங்கிப்போன முடிவுக்கு நேராகப் போய்விடலாம். கேட்கிறவருக்குத் தெரியவா போகிறது? வாசகரே, தாள்களை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரியாதவர் இங்கே அவர் ஒருவர்தான்.

அண்ணி நாற்காலியின் நுனிக்கு வருகிறார்.

"அப்புறம், தம்பி?"