ஹெக்டர் வீட்டு வாடகைக்காரி

டோரினுக்கு அறுபத்தேழு வயதில் கலியாண ஆசை வந்தது. மாப்பிள்ளை கொட்டாஞ்சேனை ஹெக்டர்: துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், மனைவியை இழந்தவர், மாதா கோயில் பாட்டுக்குழுவில் டோரினுக்குப் பின்னால் நின்று தைரியமாகச் சுருதி தப்புகிறவர். அவருக்குச் சொந்த வீடு இருந்தது, பென்ஷன் இல்லை. டோரினுக்குச் செத்துப்போன புருஷனின் பென்ஷன் இருந்தது, வீடு இல்லை. இதைவிடப் பொருத்தம் வேறென்ன வேண்டும்?

ஆனால் மறுபடி கட்டினால் விதவைப் பென்ஷன் நின்றுவிடும். வருடாவருடம் கிராம சேவகர் முன்னால் போய், உயிரோடு இருக்கிறேன், கலியாணம் கட்டவில்லை என்று கையெழுத்து வைக்கவேண்டும். இந்த இரண்டும் ஒருத்திக்குச் சேர்ந்து நடக்கக்கூடாது என்று அரசாங்கம் எந்த அனுபவத்தில் கண்டுபிடித்ததோ!

டோரின் வத்தளையில் மகன் றமேஷ் வீட்டில் இருந்தாள். கட்டாமலே ஹெக்டர் வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று அவள் சொன்னதும், நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் கோயிலுக்குப் போகிற அவனுக்குத் திடீரென்று பக்தி முற்றியது.

"கட்டாமப் போய் இருக்கிறது பாவம், மம்மி. கோயிலில கட்டிட்டுப் போங்க."

"சரி, கட்டுறன். பென்ஷன் நிண்ட பிறகு என்ட மருந்துச் செலவை மாசாமாசம் நீ தா."

றமேஷ் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான். அடுத்த ஞாயிறு அவனே அவளுடைய பெட்டியை வான் வண்டியில் ஏற்றி ஹெக்டர் வீட்டில் இறக்கினான். "இந்த வயசில கலியாணம் என்னத்துக்கு, மம்மி?" அந்தப் பாவம் வழியில் களனிப் பாலத்தில் கழன்று விழுந்திருக்கவேண்டும்.

காலையில் ஹெக்டர் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார், இரவில் குறட்டை விட்டார். டோரின் சந்தோஷமாக இருந்தாள். அயலவர் கேட்டால் மட்டும் ஹெக்டர் "வாடகைக்கு இருக்கிறவ" என்பார். அதைக் கேட்கும்போதெல்லாம் அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டுவாள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து வீடு மந்திரிக்க வந்தார். டோரினைப் பார்த்தார். ஹெக்டருக்கு வியர்த்தது.

"இவ... வாடகைக்கு இருக்கிறவ, ஃபாதர்."

"பொய்!" என்றாள் டோரின். "மாதாவுக்கு முன்னால ரெண்டு பேரும் சத்தியம் செய்தனாங்க. இவர் என்ட புருஷன். கோயிலில என்னைப் பாவி எண்டு சொல்லுங்க ஃபாதர், தாங்கிக்கொள்ளுவன். அரசாங்கத்திட்ட மட்டும் பெண்சாதி எண்டு சொல்லிப்போடாதேங்க!"

சாமியார் தீர்த்தத்தை எடுத்தார்.

"தலையைக் குனியுங்க," என்றார். "ரெண்டு பேரும்."