வெந்நீர் போட்ட நாட்கள்

விறகு ஈரமாக இருந்தது. பைரோஜா ஊதுகுழலை வாயில் வைத்து ஊத ஊதப் புகைதான் வந்ததே தவிர, நெருப்பு பிடிக்கிற வழியைக் காணோம். குளிக்க வெந்நீர் போடுவதற்கென்றே பின்கட்டில் மண் குழைத்துப் போட்ட அடுப்பு அது. மேலே ரெண்டு குடம் தண்ணீர் கொள்ளும் செப்பு அண்டா. எரிகிற நெருப்பில் பாதி அடுப்பின் பக்கவாட்டில் வழிந்து வீணாகப் போகும். மீதியில் பாதி பைரோஜாவின் முகத்தில் அடிக்கும். சுபுஹுத் தொழுகைக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது. உள்ளே மாமி இருமினாள். அந்த இருமலுக்காகத்தான் பைரோஜா காத்திருந்தாள். புகை மாமியின் கட்டில் வரைக்கும் போய்விட்டது. மருமகள் வெந்நீர் போடுகிறாள் என்று மாமிக்குத் தெரிந்துவிட்டது. இனி நெருப்பு பிடித்தால் என்ன, பிடிக்காவிட்டால் என்ன.

புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தால், விடிகாலையில் தலைக்குக் குளித்துவிட்டுத்தான் சுபுஹு தொழ முடியும். கடமையான குளிப்பு. அதை யாரும் யாரிடமும் சொல்வதில்லை, கேட்பதுமில்லை. ஆனால் இருட்டோடு பின்கட்டில் புகை கிளம்பினால் வீட்டுக்குத் தெரியும், ஒட்டுச்சுவர் வீட்டுக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் பைரோஜா இந்தப் புகைக்குக் கூசிச் செத்திருக்கிறாள். மார்கழிக் குளிரில் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு பல் கிட்டி நின்றிருக்கிறாள். இப்போது எல்லாம் தலைகீழ். வெந்நீருக்குத் தேவையே இல்லாத வீட்டில் ஒரு வருஷமாக வெந்நீர் போட்டுக்கொண்டிருந்தாள்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னால் முதல் பிள்ளை ஏழாம் மாதத்திலேயே பிறந்து, ஒரு சத்தம்கூடப் போடாமல் போய்விட்டது. புருஷன் முகம்மது நூகு அதைத் துணியில் சுற்றிக் கையில் வாங்கிக்கொண்டு, அடக்கம் பண்ண மையவாடிக்குப் போனான். திரும்பி வந்தது வேறு ஆள். சிவகாசிப் பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காகிதம் எடுத்துக் கொடுக்கிற வியாபாரம் அவனுக்கு. திருத்தங்கல், அச்சங்குளம் என்று நாள் முழுக்க லோடு பின்னாலேயே அலைந்துவிட்டு வருவான். போட்டதைச் சாப்பிடுவான். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். கோபம் கிடையாது, கடிந்து ஒரு சொல் கிடையாது. கோபித்துக்கொண்டாலாவது சண்டை போடலாம். அவளும் அவனைக் கூப்பிடவில்லை. இன்னொன்றைச் சுமந்து அதையும் துணியில் சுற்றிக் கொடுத்துவிடுவோமோ என்று அவளுக்கும் பயம்தான்.

மாமிக்கு ஒரு அக்கா உண்டு, விருதுநகரில். அக்தர் பேகம் என்று பெயர். ஊரில் யார் வீட்டில் என்ன குறை என்று தெரிந்துவைத்திருப்பதுதான் அந்த அம்மாவுக்குச் சாப்பாடு. போன வருஷம் வந்திருந்தபோது மாமியிடம் பேசியது, உரலடியில் இருந்த பைரோஜாவின் காதில் விழுந்தது.

"புள்ள தங்காத எடத்துல எம்புட்டு நாளைக்குக் காத்துக் கெடப்பே? அருப்புக்கோட்டையில நல்ல புள்ள ஒண்ணு இருக்கு. நூகுவுக்கு ரெண்டாவதா முடிச்சு வச்சிருவோம்."

"அவுக ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காக அக்கா. அல்லா குடுக்கும்போது குடுப்பான்."

மாமி எதை வைத்து அப்படிச் சொன்னாளோ தெரியாது. ஆனால் அன்றைக்கே பைரோஜாவுக்குப் புத்தியில் பட்டுவிட்டது. நல்லாத்தான் இருக்கிறோம் என்று இந்த வீட்டுக்குக் காட்ட ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அதிலிருந்து வெள்ளிக்கிழமை விடிகாலை தவறாமல் அடுப்பு எரிந்தது. வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் என்றால் சந்தேகம் வரும் என்று நடுவில் இன்னொரு நாளும் எரிந்தது. வீட்டுக்குத் தூரமான நாட்களில் எரியக்கூடாது. அதற்கு ஒரு கணக்கு. நூகு வெளியூர் போயிருந்தால் எரியக்கூடாது. அதற்கு ஒரு கணக்கு. உண்மையாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. மூட்டிய பாவத்துக்குத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரக் கூந்தலைத் துண்டில் முடிந்து, மாமியின் கண்ணில் படும்படி முற்றத்தைக் கடப்பாள். அதற்கப்புறம் பகல் முழுக்கத் தலை கனக்கும். கண் எரியும். ராத்திரி எப்போது வரும், எப்போது சாயலாம் என்று இருக்கும்.

புரட்டாசி மழையில் விறகுக்கடைக்காரன் கொடுத்ததெல்லாம் ஈரமாகவே வந்தது. புகை வீட்டைவிட்டுப் போகவே இல்லை. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த மகனிடம் மாமி சொன்னாள்: "ஏலே நூகு, இந்த அடுப்பை இடிச்சுப் போட்டுட்டு ஒரு பாய்லர் வாங்கிப் போடு. இந்தப் புகையோட என்னால மல்லுக்கட்ட முடியலை."

நூகு தலையாட்டினான். சொன்னதைச் செய்துவிடுகிற பிள்ளைதான். அடுத்த வாரமே விருதுநகரிலிருந்து பாத்திர வியாபாரி சங்கிலிமுத்து, வைக்கோல் சுற்றிய பாய்லரை பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். இடுப்புயரத்துக்குப் பளபளவென்று செம்பு. நடுவில் மேலிருந்து கீழ்வரை ஒரு குழாய், அதற்குள் நெருப்பு. குழாயைச் சுற்றிலும் தண்ணீர். பக்கத்தில் திருகு வைத்த பித்தளைக் குழாய். ஒரு பக்கம் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் மறுபக்கம் சுடுதண்ணீர் வரும்.

"நெருப்பு தண்ணிக்கு உள்ளேயே ஒக்காந்திருக்குல்ல, ஒரு பொட்டுச் சூடு வெளிய போகாது பாத்துக்கோங்க" என்றார் சங்கிலிமுத்து. "ரெண்டு தேங்காச் செரட்டை, ஒரு கைப்பிடி தீப்பெட்டிக் கம்பெனிக் குச்சிக் கழிவு. ஒங்க பழைய அடுப்பு ஒரு நாளைக்குத் தின்ன வெறகை இது ஒரு வாரம் வச்சுத் திங்கும். பொகையும் கெடையாது."

புகையும் கிடையாது. எல்லாரும் சிரித்தார்கள். பைரோஜாவும் சிரித்துவைத்தாள்.

மறுநாளிலிருந்து பாய்லர் மாமியின் ராஜ்ஜியம். தொழுகைக்கு உளூச் செய்ய, முட்டுவலிக்கு ஒத்தடம் கொடுக்க, சும்மா கை கழுவ என்று தினம் விடிகாலையில் அவளே எழுந்து சிரட்டையைப் போட்டுப் பற்றவைத்துவிடுவாள். எழுந்து போய்ப் பார்த்தால் வெந்நீர் தயாராக இருக்கும், எல்லாருக்கும், எல்லா நாளும். முதல் ரெண்டு வாரம் பைரோஜா செத்தவள் மாதிரி தூங்கினாள். இருட்டில் எழவேண்டாம், ஊதவேண்டாம், கணக்கு வேண்டாம். உடம்பு அடித்துப்போட்டதுபோல் கிடந்தது. அதற்கப்புறம்தான் பயம் வந்தது. தினமும் இருக்கிற வெந்நீர் எதையும் சொல்லாது. இனி இந்த வீடு எதைப் பார்த்து நம்பும்?

அந்தப் பயம் தீருமுன்னே அக்தர் பேகம் வந்து இறங்கினாள். பாய்லரைப் பார்க்க வந்தேன் என்றாள். பாய்லரைப் பார்க்க ஒரு நிமிஷம் போதும், பெட்டியோடு வந்திருந்தாள். நாளை மதியம் கிளம்புகிறாளாம். நேரே அருப்புக்கோட்டைக்குப் போய்ச் சேதி சொல்லவேண்டுமாம்.

சாயங்காலம் அக்காக்காரி பக்கத்து வீட்டுக்குப் பேசப் போன நேரம், மாமி பாய்லர் சாம்பலைத் தள்ளிக்கொண்டே பைரோஜாவைக் கூப்பிட்டாள்.

"இங்கன உக்காரு. நீ மூட்டுன அடுப்பெல்லாம் எனக்காக மூட்டுனதுன்னு எனக்குத் தெரியும்."

பைரோஜா பாய்லரின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள்.

"நீ தலைக்குக் குளிச்சே. சரி. அவென் குளிக்க வேணாமா? ஒவ்வொரு வெள்ளியும் காஞ்ச தலையோடதானே சுபுஹுக்குப் பள்ளிவாசலுக்குப் போனான். பெத்தவ பாக்க மாட்டேனா? மூணாவது வாரமே தெரிஞ்சு போச்சு."

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று பைரோஜா திகைத்துப்போனாள். அவ்வளவு கணக்குப் போட்டவள், புருஷனுக்கு ஒரு தலை இருக்கிறது என்பதை மறந்துவிட்டாள்.

"பெறகு ஏன் மாமி ஒண்ணுமே சொல்லாம இருந்தீக?"

"என்னத்தச் சொல்ல? வீட்டுல வெந்நி போடுறாக, நல்லாத்தான் இருக்காகன்னு அக்காட்ட நானும் அதத்தானே சொல்லிக்கிட்டுக் கெடந்தேன். போன மாசம் நீ இருமுனே பாரு, அதக் கேட்டுத்தான் பாய்லர் வாங்கச் சொன்னேன். என் இருமல் கெடக்கு." மாமி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "அக்கா கண்ணுல வெரல விட்டு ஆட்டுறவ. நாளைக்குக் காலையில அவ முற்றத்துலதான் உக்காந்திருப்பா. அவ புகையப் பாக்கிற ஆளு இல்ல, அவென் தலையத்தான் பாப்பா. அதுக்கு மேல நான் என்ன சொல்ல, நீங்க ரெண்டு பேரும்தான் பேசணும்."

முன்னறையில் நூகு காகிதக் கட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தான். பைரோஜா வாசற்படியிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல வெட்கம் போய் அலுப்புதான் மிஞ்சியது. வெந்நீர் போட்டது, கணக்கு வைத்தது, அவன் தலை காய்ந்திருந்தது, அருப்புக்கோட்டை. ஒன்றையும் விடவில்லை. அவன் கட்டிய கட்டையே அவிழ்த்து மறுபடி கட்டினான்.

"நீ எந்திரிச்சுப் போறது தெரியும்" என்றான் கடைசியில். "அழுகத்தான் போறேன்னு நெனச்சேன். புகையில ஒக்காந்து அழுதா யாரும் ஏன்னு கேக்க மாட்டாகள்ல. நீ திரும்பி உள்ள வர்ற வரைக்கும் முழிச்சுக்கிட்டுத்தான் கெடப்பேன்."

"கூப்பிட்டிருக்கலாமே மச்சான்."

"கூப்பிட்டு என்ன சொல்ல?"

அந்த அடுப்பின் முன்னால் கண்ணில் தண்ணீர் வராத நாள் கிடையாது. எது புகையில் வந்தது, எது தானாக வந்தது என்று அவள் பிரித்துப் பார்த்ததில்லை.

"பெரியம்மா எங்கிட்டயும் கேட்டாக" என்றான். "பேசாம இருந்தேன். நான் பேசாம இருந்தா அதைச் சம்மதம்னு எடுத்துக்கிடுறாக போல."

மறுபடி கட்டுகளை அடுக்கத் தொடங்கினான். ராத்திரி வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். பைரோஜாவுக்கு ஆத்திரமாக வந்தது. பிறகு அதுவும் ஓய்ந்து, வருகிறது வரட்டும் என்று கண்ணை மூடினாள்.

விடிகாலையில் விழித்தபோது பக்கத்தில் ஆள் இல்லை. பின்கட்டுக்குப் போனாள். பாய்லர் மூட்டியிருந்தது. அவன்தான் மூட்டியிருக்கவேண்டும், சிரட்டையை ஒரு பங்குக்கு நாலு பங்காகத் திணித்துவைத்திருந்தான். கைலியோடு, குளிக்கிற அங்கணத்துக் கல்லில் குந்தியிருந்தான். முற்றத்தில் அக்தர் பேகம் தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு பின்கட்டுக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பது பைரோஜாவுக்குத் தெரிந்தது. கதவைச் சாத்தினாள்.

"ஊத்து" என்றான் நூகு. தலையைக் குனிந்துகொண்டான்.

வாளியில் பிடித்து, பச்சைத் தண்ணீர் கலந்து, விரல் விட்டுப் பார்த்து, செம்பில் மோந்து ஊற்றினாள். தலை நனைந்துவிட்டது. முற்றத்தைக் கடந்து பள்ளிக்குப் போக அது போதும். அவன் எழுந்திருக்கவில்லை. இன்னொரு செம்பு ஊற்றினாள். பிடரியில் முடி கொட்டியிருந்தது. எப்போது கொட்டியது என்று தெரியவில்லை. கையை வைத்தாள். வைத்த கை அங்கேயே நின்றது. ரெண்டு வருஷமாகத் தொடாத தலை. அவன் உடம்பு ஒருமுறை நடுங்கி, மெல்ல மெல்ல அடங்கியது. அவள் ஒரு கையால் தேய்த்துக்கொண்டும் ஒரு கையால் ஊற்றிக்கொண்டும் இருந்தாள். பாங்கு சொல்லத் தொடங்கி, சொல்லி முடிந்தது.

"ஏலே நூகு, எம்புட்டு நேரம்தான் குளிப்பே? ஜமாஅத்துத் தொழுகை போயிரும்" என்று முற்றத்திலிருந்து அக்தர் பேகத்தின் குரல் வந்தது.

அவன் குனிந்தபடியே இருந்தான். வாளியில் தண்ணீர் தீர்ந்துபோயிருந்தது. பைரோஜா பாய்லரில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரைச் சாய்த்துவிட்டுக் குழாயைத் திருகினாள். இன்னும் சூடாகத்தான் வந்தது.