வருகிறதா, போகிறதா

தோக்ஜானை அடக்கம் செய்துவிட்டு வந்து, துக்க வழக்கப்படி கைத்தடியை ஊன்றி வாசலில் நின்றான் சாயான். வந்தவர்கள் எல்லோரும் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அவனுக்குத்தான் அழுகை வரவில்லை. மனைவி கடைசியாகக் கேட்டதே காதில் நின்றது: "பிபிகுல் கணக்கை முடிச்சிட்டாளா? வருதா, போகுதா?"

ஒரு சின்ன விண்மீன் மண்டலம். பெரும்பாலானவை நம்மை விட்டு விலகி ஓடும்போது, இது நம்மை நோக்கி வருகிறது என்றாள் தோக்ஜான். மலைமேல் வானாய்வகத்தில் ஒருவரும் நம்பவில்லை. கூட வேலை பார்த்த பிபிகுல் "போகுதுடி" என்று பந்தயமே கட்டினாள். தோற்றவள் கழுதைமேல் திரும்பி உட்கார்ந்து ஊர்வலம் போக வேண்டும். கடைசியாக அவள் விசாரித்தபோது, கேட்டுச் சொல்கிறேன் என்றான் சாயான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வண்டியிலிருந்து இறங்கிய பிபிகுல் ஒப்பாரி வைக்கவில்லை. வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

"அடி திருடி! ஜெயிச்சிட்டியேடி!"

உள்ளே ஒப்பாரி பாதியில் நின்றது. யாரும் அதட்டவில்லை. தோக்ஜானுக்கு ஒத்த வயதுக்காரி; அந்த ஊர் வழக்கத்தில் சாவு வீட்டிலும் கிண்டல் அவள் உரிமை.

"என்னம்மா சொல்றே?" என்றார் தோக்ஜானின் அப்பா தெமிர்பெக்.

"உங்க மக சொன்னதுதான் சரிப்பா. அது நம்ம பக்கம்தான் வருது. நம்ம சூரியன் சும்மாவா நிக்குது? அந்த மண்டலத்தை விட்டு விலகி ஓடிட்டிருக்கு. அந்த ஓட்டத்தைக் கழிச்சாத்தான் அதோட சொந்த வேகம் தெரியும். நான் கழிக்காம கூட்டித் தொலைச்சிட்டேன்."

"அப்போ விலகிப் போறது நாமதானா?"

"நாமதான்."

"உனக்கெல்லாம் எவன் வேலை குடுத்தான்?"

"திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம். கழுதை எங்கே?"

பக்கத்து வீட்டுக் கழுதை வந்தது. பிபிகுல் முக்காட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, வாலைப் பார்த்து ஏறி உட்கார்ந்தாள். "மச்சான், தடியைப் போடு. கயித்தைப் பிடி!"

தெமிர்பெக் தாடி நனையச் சிரித்தார். வாசலுக்கு ஓடிவந்த பெண்கள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்கள். சாயான் கயிற்றைப் பிடித்து நடந்தான்.

"என்ன வேகம்?" காலையிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை.

"நொடிக்கு எண்பது கிலோமீட்டர்."

"வந்து சேர்ந்திடுமா?"

"பக்கவாட்டுல எப்படி ஓடுதுன்னு நமக்குத் தெரியாதே மச்சான். நம்ம பக்கம் வருது. அவ்வளவுதான் சொல்ல முடியும்."

"அது போதும்."

கழுதை நின்றது. சாயானின் சட்டைக் கையைப் பற்றிச் சவைக்கத் தொடங்கியது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.