வாட்ச் இல்லாத கை

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. மூளை அறுவைச் சிகிச்சைக்குப் படிக்கும் என் மகள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னது.

"அம்மா, வாட்ச் கட்டியிருந்தாதான் இது இடதுகைன்னு எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்குக் கை கழுவும்போது கழட்டிடணும். அப்புறம் எனக்கு எல்லாப் பக்கமும் ஒண்ணுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. (கோளாறு என்னிடமிருந்துதான் அவளுக்குப் போனது. டாக்சிக்காரரிடம் இடது என்று சொல்லிவிட்டு வலதுபக்கம் கை காட்டுகிறவள் நான்.)

2
இதைக் கதையாக்க உட்கார்ந்தேன். முதல் தொடக்கம்: "மூளை என்பது ஒரு மகத்தான..." வேண்டாம், அடித்துவிட்டேன்.

இரண்டாவது: பயிற்சி டாக்டர் ஒருத்தி. முதன்முறையாகத் தன் கையால் ஒரு மண்டையோட்டில் துளை போடப் போகிறாள். ஆபரேஷன் மேசையில் ஒரு தையல்காரர். வழுக்கி விழுந்ததில் மண்டைக்குள் ரத்தம் கட்டி, வலதுகையில் கத்தரி நிற்பதில்லை. வலதுகை சொன்னபடி கேட்கவில்லை என்றால் கோளாறு மூளையின் இடதுபாதியில். அந்த இடதுபாதி ஸ்கேன் படத்தில் வலப்பக்கம் தெரியும். நோயாளியின் காலடியில் நின்று பார்ப்பதுபோல அந்தப் படம் இருக்குமாம். (இந்த வாக்கியத்தை மகள்தான் திருத்திக் கொடுத்தாள். சரியா என்று என்னைக் கேட்காதீர்கள்.)

3
கத்தி வைக்குமுன், எல்லாம் சரிதானா என்று பார்க்க எல்லோரும் ஒரு கணம் நிற்கிறார்கள். நர்ஸ் சீட்டைப் பார்த்து "இடதுபக்கம்" என்று வாசிக்க, அவளும் "ஆமாம்" என்கிறாள். மழித்த தலையில் மருந்து தடவியதில், எந்தப் பக்கம் என்று போட்டிருந்த பேனா அடையாளம் மங்கிவிட்டது. பெரிய டாக்டர், "ம், ஆரம்பிம்மா" என்கிறார்.

இடதுபக்கம்தான், அதில் சந்தேகமில்லை. வாட்ச் இல்லாமல் எது இடது என்பதுதான்...

முடிவு அ: அவள் வாய்விட்டுக் கேட்கிறாள். பெரிய டாக்டர் கத்தியை வாங்கிக்கொள்கிறார். இனி அவளிடம் கொடுக்கமாட்டார்.

முடிவு ஆ: குத்துமதிப்பாக ஒரு பக்கம்... இல்லை, பெற்றவள் இதை எழுதமாட்டாள்.

முடிவு இ: தையல்காரர் மயக்கத்தில் இல்லை, மரத்துப்போக ஊசி மட்டும்தான். "ஐயா, எந்தக் கைல கத்தரி நிக்கல?" துணிக்கடியில் ஒரு கை லேசாக அசைகிறது. "இந்தக் கைதாம்மா." அதற்கு எதிர்ப்பக்கம் கத்தியை வைக்கிறாள்.

என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். மகள் படித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. அவர் மயக்கத்துல இருந்தா?" என்றாள்.

"நீயா இருந்தா கேப்பியா?"

"தெரியலம்மா. கேட்டா என் கதை அங்கேயே முடிஞ்சுது."

"கேக்கலேன்னா?"

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

4
இன்று அவளுக்கு முதல் துளை. நிஜமான தலை, முழு மயக்கம். காலையிலேயே கிளம்பிவிட்டாள். வாட்ச் சாப்பாட்டு மேசையிலேயே கிடக்கிறது.

பதற்றத்தில் மறந்தாளா? இல்லை, இனி இதை நம்பாமல் வாய்திறந்து கேட்பது என்று முடிவுகட்டி வைத்துவிட்டுப் போனாளா? போன் அடித்தால் எடுக்கமாட்டாள். வாட்சை எடுத்துக் கட்டிப் பார்த்தேன். எந்தக் கையில் என்று கேட்காதீர்கள். எனக்குப் பயமாக இருக்கிறது. எதை எழுதினாலும் அது நடந்துவிடும்போல் இருக்கிறது.

அதனால் முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்று: அந்த ஆபரேஷன் மேசையில் படுத்திருப்பது நீங்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள்.