பூஜ்யத்தில் மஞ்சளான பனி

1

இந்தக் கதையை ஒரு சண்டையிலிருந்து திருடினேன். ஆஸ்திரேலியாவின் ஹோபார்ட் ஊரில் படங்களுக்குச் சட்டம் அடிப்பது என் தொழில். பக்கத்து அறையில் மெரின் டோலி புகைப்படங்களை அச்சிடுகிறாள். நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்லாதீர்கள், அவர்கள்தான் கத்தினார்கள்.

முதல் வரியாக, 'மலைமேல் பனி வெள்ளியை உருக்கி...' என்று தொடங்கினேன். சீச்சீ. விடுங்கள்.

2

ஊனா கெர்ஸ்லேக் எடுத்த பன்னிரண்டு கறுப்பு வெள்ளைப் பனிப்படங்கள். வெள்ளிக்கிழமை கண்காட்சி, பெரிய ஜன்னல்கள் உள்ள கூடத்தில். பளீரென்ற காகிதம்தான் வேண்டுமென்று அடம்பிடித்தவள் ஊனாவே. (வெள்ளை வேட்டிக்கு நீலம் போடுவோமே, அதுபோல அந்தக் காகிதத்தில் ஒரு வெளுப்பூட்டி உண்டு. வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டால் நீலமாக ஒளிரும்.)

மெரின் நிறத்தை அளக்கும் கருவியைக் காகிதத்தின்மேல் வைத்தாள். வெற்றுக் காகிதமே நீலத்தின் பக்கம் ஆறு புள்ளி சாய்ந்திருந்தது. விடுவாளா? மையின் அளவைத் திருகித் திருகி, எல்லாச் சாம்பலிலும் நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை என்று பூஜ்யம் வரவைத்தாள்.

செவ்வாய்க்கிழமை ஊனா வந்து முதல் படத்தை ஜன்னலருகே பிடித்தாள்.

"என்ன மெரின் இது? நாய் காலைத் தூக்கிட்டுப் போன பனி மாதிரி இருக்கு!"

"வாய்க்கு வந்ததைப் பேசாதே. கருவியைப் பாரு. பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்!"

"கருவியா வந்து படம் பாக்கப்போகுது? நாளைக்குள்ள சரியா வரலைன்னா மெல்பர்ன்ல குடுத்துக்கறேன். இனிமே உன் வாசப்படி மிதிக்க மாட்டேன்."

பதினொரு வருடப் பழக்கம். மெரினுக்கு முகம் செத்துப்போயிற்று.

3

கருவி பழுது, புதுசு வந்தது, சுபம் என்று முடிக்கப் பார்த்தேன். பொய். கருவி ஒழுங்காகத்தான் இருந்தது. அப்புறம், நான் ஓடிப்போய் உண்மையைக் கண்டுபிடித்து... (ஆசைதான். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது.)

நடந்தது இது. மறுநாள் காலை, வெளிர் சாம்பல் முதல் கறுப்புவரை அதே பூஜ்யக் கணக்கில் இருபது கட்டம் அச்சிட்டு, மெரின் என்னை ஜன்னலருகே கூப்பிட்டாள்.

"யோவ் சட்டக்காரரே, வெள்ளை ஓரத்தைக் கையால மறைச்சுப் பாரும். என்ன நிறம்?"

"சாம்பல்."

"கையை எடும். இப்ப?"

"அட, மஞ்சள்!"

"மடச்சி, மடச்சி!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "கண்ணு காகிதத்தையே வெள்ளைன்னு எடுத்துக்குது. நான் காகிதத்தோடயே மல்லுக்கட்டியிருக்கேன்!"

வெளிர் சாம்பலில் காகிதத்தின் நீலத்தை அப்படியே விட்டாள். இருள இருளக் குறைத்து, கறுப்பில் மட்டும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.

4

மாலையில் பழையதையும் புதியதையும் கவிழ்த்துவைத்தாள். ஊனா திருப்பினாள். பழையதைத் தள்ளினாள். புதியதை ஜன்னலருகே கொண்டுபோய்ப் பிடித்தாள்.

"கருவி என்ன சொல்லுது?"

"கறுப்பைத் தவிர ஒண்ணும் பூஜ்யமில்ல."

"நாசமாப் போகட்டும் பூஜ்யம். பன்னிரண்டையும் போடு!"

மெரின் கூவிய கூவலில் என் சுவரில் சாய்த்திருந்த சட்டங்கள் சரிந்தன. எனக்கும் கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்?

5

இங்கே முற்றும் போட்டிருப்பேன். ஆனால் ஊனா தள்ளிய அந்தப் பழைய படத்தை மெரின் எனக்கே கொடுத்துவிட்டாள். சும்மா இருக்காமல், வெள்ளை ஓரம் முழுக்க மறையும்படி இளமஞ்சள் அட்டை வைத்துச் சட்டம் அடித்து ஜன்னலருகே மாட்டினேன். பனியில் மஞ்சள் போயே போச்சு. அருமையான சாம்பல்.

ஓர் அட்டையில் தீர்ந்திருக்கும் சண்டை! சுவருக்கு அப்பால் மெரின் வெற்றியில் பாடிக்கொண்டிருக்கிறாள். தட்டிக் கூப்பிட்டுக் காட்டவா, படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிடவா? கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறேன். சீக்கிரம் சொல்லுங்கள், கை வலிக்கிறது.