மீட்டருக்கு இந்தப் பக்கம்

எல்லாக் குழாயையும் இறுக்கி மூடின பிறகும் தண்ணீர் மீட்டருக்குள் இருந்த சிவப்புச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. கூடத்தின் முன்சுவரில், தரையை ஒட்டி, பெயிண்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி ஒரு மாதம் ஆகியிருந்தது. பூமிக்கு அடியில் எங்கேயோ குழாய் கசிகிறது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் முட்டிக்கொண்டது.

தங்கைக்கு நாற்பத்தாறு வயது. கல்லூரி வேதியியல் கூடத்தில் இருபது வருஷமாக உதவியாளர். பாடம் எடுப்பதில்லை என்றாலும் தெருவுக்கே அவள் லேப் டீச்சர். பெற்றவர்கள் விட்டுப்போன வீட்டில் கீழ்த்தளம் அவளுக்கு, மாடி அண்ணனுக்கு. கேட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருந்த இடம் இருவருக்கும் பொது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் அதில் சிமெண்ட் பூசி, தகரக் கூரை போட்டு, தன் காரை நிறுத்திக்கொண்டார். பொது இடமாச்சே, ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று அவள் கேட்டதற்கு, உன் ஸ்கூட்டரும் நனையாமல்தானே நிற்கிறது என்று வாயை அடைத்துவிட்டார்.

இப்போதும் அப்படித்தான். அந்த ஷெட்டைக் கட்டிய கொத்தனாரிடமே அண்ணன் பேசி முடித்திருந்தார். திங்கட்கிழமை காலையில் ஆள் வருவான், கூடத்திலிருந்து சமையலறை வரைக்கும் தரையைப் பெயர்த்துப் பார்த்துவிடலாம், நீ சாமான்களை ஒதுக்கி வை என்றார். அவள் ஒதுக்கி வைக்கவில்லை. குடிநீர் அலுவலகத்துக்குப் போன் செய்தாள். மீட்டருக்கு அந்தப் பக்கம் கசிந்தால் எங்கள் பொறுப்பு, இந்தப் பக்கம் கசிந்தால் உங்கள் பொறுப்பு என்றார் எடுத்தவர். அதோடு விட்டிருக்கலாம். வீட்டில் ஆண்கள் யாராவது இருந்தால் பேசச் சொல்லுங்கள், விளக்கமாகச் சொல்கிறேன் என்றும் சேர்த்துக்கொண்டார்.

"எனக்கே விளங்கிடுச்சு சார். அவங்களுக்கு நான் விளக்கிக்கிறேன்" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியிடம் சொல்லி மாடிக் குழாய்களையும் மூடச் செய்தாள். வீட்டுச் சுவருக்குள் குழாய் நுழையும் இடத்தில் ஒரு வால்வு உண்டு. அதைத் திருகி மூடினால் உள்ளே ஒரு சொட்டும் போகாது. மூடிவிட்டுக் கேட்டோரம் இருந்த மீட்டருக்கு ஓடிப்போய்க் குனிந்து பார்த்தாள். சக்கரம் சுற்றியது. அப்படியென்றால் கசிவு வீட்டுக்குள் இல்லை. மீட்டருக்கும் சுவருக்கும் நடுவில், காருக்கு அடியில் எங்கேயோ.

அண்ணனிடம் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடக்காமலே, வால்வு பழசு, சரியாக மூடியிருக்காது, நீ என்ன இஞ்சினியரா என்றார். அண்ணி மட்டும் படியில் நின்று அவள் சொன்னதை முழுசாகக் கேட்டாள்.

திங்கட்கிழமை கொத்தனார் சம்மட்டியோடு வந்தபோது அவள் லீவு போட்டுவிட்டுக் கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். எங்கே உடைக்கப் போகிறீர்கள் என்று கேட்டாள். அவர் காலாலேயே ஒரு கோடு இழுத்துக் காட்டினார்.

"அங்கதான் கசியுதுன்னு எப்படித் தெரியும்?"

"உடைச்சாத்தானேம்மா தெரியும்."

"தெரிஞ்ச பிறகு உடைக்கலாம். கிளம்புங்க."

அவர் அண்ணனைத் தேடி மாடியைப் பார்த்தார். அவள் வால்வை மூடிப் பார்த்ததைச் சொல்லி, சந்தேகம் ஷெட்டுப் பக்கம்தான் என்றதும் அவர் சம்மட்டியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, வந்த வேகத்தைவிட வேகமாகப் போனார்.

அடுத்து தெருமுனைப் பிளம்பர். அவர் நேர்மையானவர். இடத்தைக் காட்டினால் அரை நாளில் சரி செய்கிறேன், தேடுகிற வேலை என்னுடையது இல்லை என்று சொல்லி, அதற்கென்றே இருக்கிற ஒருவரின் நம்பரைக் கொடுத்தார். தொழில்காரர்கள் நடுவில் அவருக்குக் காதுக்காரர் என்று பெயர்.

காதுக்காரர் மறுநாள் சாயங்காலம் ஒரு பெட்டியும் ஹெட்போனுமாக வந்தார். மின்விசிறி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். கூடத்தில் நாலு இடம், சமையலறையில் மூன்று இடம் கருவியை ஊன்றிக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார். வெளியே போய்க் காருக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்து, கருவியைக் கீழே நீட்டினார். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு ஹெட்போனைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். திறந்த சோடா பாட்டில் அடங்காமல் சீறிக்கொண்டே இருப்பது போல ஒரு சத்தம். இடது முன்சக்கரத்தை ஒட்டிச் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டு, வண்டியை எடுத்தால் தோண்டலாம் என்றார்.

வண்டியை எடுக்க முடியாது என்றார் அண்ணன். ஏதோ பெட்டி சொன்னதற்காக நன்றாக இருக்கிற சிமெண்டை உடைக்கவிட மாட்டேன், இது என் ஷெட் என்று சொல்லிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினார்.

அவள் கத்தவில்லை. புதன்கிழமை காலையில் பிளம்பரை வரவழைத்துவிட்டு, கேட்டோரம் போய் மீட்டர் பக்கத்தில் இருந்த இன்னொரு வால்வை மூடினாள். தொட்டி இல்லாத வீடு. குழாயில் நேராக வருவதுதான் தண்ணீர்.

மாடியைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணே, ஓட்டைக் குழாயில இனிமே தண்ணி விடப்போறதில்ல. கார் நகர்ற வரைக்கும் எனக்கும் கிடையாது, உங்களுக்கும் கிடையாது."

அண்ணன் பால்கனிக்கு வந்து, பார்க்கலாம் என்றார். பத்து நிமிஷம் கழித்துப் படியில் இறங்கி வந்தது அண்ணி. தலையில் துண்டு, நெற்றியோரம் வழியும் ஷாம்பு நுரை, கையில் வீட்டில் இருந்த இன்னொரு சாவி. போன வருஷமே கார் ஓட்டப் பழகி லைசென்ஸ் வாங்கியிருந்தாள். வண்டியை அவளிடம் கொடுக்கத்தான் அவருக்கு மனசு வரவில்லை. நேராகப் போய் ஏறி உட்கார்ந்தாள். கார் பின்னால் நகர்ந்து, கேட்டில் லேசாக உரசி, தெருவில் போய் நின்றது.

இறங்கிக் கதவைத் தடவிப் பார்த்துவிட்டு, "சின்னக் கீறல்தான். தண்ணியத் திற, தலைய அலசிட்டு வரேன். அப்புறம் தோண்டுங்க" என்றாள்.

அண்ணி தலையை அலசி முடித்ததும் வால்வை மறுபடி மூடிவிட்டு பிளம்பர் வேலையைத் தொடங்கினார். சிமெண்டை உடைத்து ஒரு முழம் தோண்டியதும் குழாய் தெரிந்தது. அதில் ஓர் இடத்தில் சைக்கிள் டியூபைச் சுற்றி, கம்பியால் கட்டியிருந்தது. ரப்பர் நைந்துபோயிருந்தது.

"இது தானா விழுந்த ஓட்டை இல்லம்மா. கடப்பாரை பட்டிருக்கு. சுத்திக் கட்டிட்டு மேல சிமெண்ட் போட்டுட்டாங்க" என்றார் பிளம்பர்.

அண்ணன் குழிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார். உங்களுக்குத் தெரியுமா என்று அவள் கேட்டாள். லேசாக அடிபட்டது, கட்டியாச்சு என்று கொத்தனார் அன்றைக்குச் சொன்னதாகவும், இதுதான் காரணம் என்று தான் நினைக்கவில்லை என்றும் அவர் இழுத்தார்.

"நினைக்க வேண்டாம்னு இருந்தீங்க. அதுக்கு என் கூடத்தை உடைக்க ஆள் அனுப்பினீங்க."

மத்தியானத்துக்குள் பிளம்பர் புதுக் குழாய் பொருத்திவிட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, குழியை மூடிப் பூச அதே கொத்தனாரை வரச் சொல்கிறேன் என்றார் அண்ணன். அவள் வேண்டாம் என்றாள். இங்கே இனிமேல் சிமெண்டே கிடையாது, நாளைக்கு ஏதாவது என்றால் யார் வேண்டுமானாலும் தூக்கிப் பார்க்கிற மாதிரி கல் பலகைதான் பதிக்கப் போகிறேன் என்றாள்.

"என்னைக் கேட்க மாட்டியா?"

"இப்ப சொல்லியாச்சுல்ல. உங்க ஷெட்டுக்கு நீங்க அதுகூடச் சொல்லல."

இரண்டு வாரம் அவர் கீழே பேசவில்லை. அவளும் மாடிப்படி ஏறிப்போய்ச் சமாதானம் பேசவில்லை. தப்பு செய்யாதவள் எதற்குப் போக வேண்டும்? மிச்சச் சிமெண்டையும் ஆள் வைத்துப் பெயர்த்த பிறகு கல் பலகைகள் வந்து இறங்கின. கல்லூரி விட்டு வந்ததும் தினம் கொஞ்சமாக அவளும் அண்ணியும் மணல் பரப்பி, ஒவ்வொன்றாகப் பதித்தார்கள். முதல் வரிசை கோணலாகப் போய், பெயர்த்து மறுபடி போட்டார்கள்.

கடைசி வரிசைக்கு வந்தபோது அண்ணி கடைக்குப் போயிருந்தாள். பலகையின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு தங்கை தனியாக மல்லுக்கட்டுவதை மேலிருந்து பார்த்துவிட்டு அண்ணன் இறங்கி வந்தார். மறுமுனையில் குனிந்தவர், "அன்னைக்கே நான் உங்கிட்ட..." என்று ஆரம்பித்தார்.

"சொல்லியிருக்கணும்" என்று அவள் முடித்தாள். குரலில் கொஞ்சமும் இளக்கம் இல்லை. "விரலைப் பார்த்துப் பிடிங்க. கனம்."